தேர்வும் கடிகாரமும்



தேர்வு என்றவுடன் நம் நினைவில் எழும் பொருள்கள் மூன்று: வினாத்தாள், விடைத்தாள், கடிகாரம். முதல் இரண்டைப் பற்றி ஆசிரியர்கள் நிரம்பப் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மணி அடித்தவுடன் எழுதுகோலைக் கீழே வைக்கவேண்டும் என்ற ஒரு விதியோடு அதைப் பற்றிய நம் அறிவு முடிந்துவிடுகிறது. இன்று அந்தக் கடிகாரம் சுவரை விட்டு இறங்கிக் கணினித் திரையின் ஒரு மூலையில் வந்து அமர்ந்திருக்கிறது. இணையவழிச் சிறுதேர்வு எழுதும்போது, நிமிடமும் வினாடியும் குறைந்துகொண்டே வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் கல்லூரியில் கணக்குப் பாடம் சொல்லி வருபவன். இத்தகைய சிறுதேர்வுகளை அமைப்பதும் என் பணிகளுள் ஒன்று. ஆதலின் அந்தக் கடிகாரத்தைப் பற்றியும், அது எல்லாரிடத்தும் ஒரே வகையாக ஓடுவதுதான் நீதியா என்பது பற்றியும் இன்று உங்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையான கேள்வி. தேர்வு எதை அளக்கிறது? ஓட்டப் பந்தயத்தில் நாம் அளப்பது வேகம். தட்டெழுத்துத் தேர்விலும் அப்படியே; நிமிடத்திற்கு இத்தனை சொல் அடிக்கவேண்டும் என்பதே அங்குப் பாடம். அங்கே நேரத்தை நீட்டினால் தேர்வே பொருளற்றதாகிவிடும். ஆனால் ஒரு முக்கோணத்தின் பரப்பைக் காணச் சொல்லும் வினாவில் நாம் அளப்பது என்ன? மாணவனுக்கு முக்கோணத்தைப் பற்றிய அறிவு இருக்கிறதா என்பதைத்தானே? எவ்வளவு விரைவாக வினாவைப் படித்தான், எவ்வளவு விரைவாக விசையைத் தட்டினான் என்பதையன்று. தேர்வியல் அறிஞர்கள் முன்னதை வேகத் தேர்வு என்றும், பின்னதை ஆற்றல் தேர்வு என்றும் பிரித்துக் கூறுவர். நம் பள்ளி கல்லூரித் தேர்வுகளில் பெரும்பாலானவை ஆற்றல் தேர்வுகளாக இருக்கவேண்டியவை. மேற்பார்வை செய்வோரின் வசதிக்காகவும், நாளின் அட்டவணைக்காகவும் அவற்றுக்கு ஒரு கால எல்லையை வைக்கிறோம். எல்லை வைத்த அந்தக் கணத்திலேயே வேகமும் சிறிதளவு உள்ளே நுழைந்துவிடுகிறது.

பெரும்பாலோருக்கு இதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் சிலருக்கு உண்டு. அவர்கள் யார்?

பார்வையற்ற மாணவர் ஒருவர் பிரெய்ல் எழுத்தைத் தடவிப் படிக்கிறார். 1809இல் பிரான்சு நாட்டில் பிறந்த லூயி பிரெய்ல் என்பவர் பதினைந்து வயதில், 1824இல், அமைத்த முறை அது. ஆறு புள்ளிகளைக் கொண்டு எல்லா எழுத்தையும் எழுதிக் காட்டும் அரிய முறை. ஆயினும் கண் ஒரே பார்வையில் ஒரு சொற்றொடரை வாரிக்கொள்வதுபோல் விரல்நுனி வாரிக்கொள்ள இயலாது. ஓர் எழுத்தைத் தொட்டு, அடுத்த எழுத்தைத் தொட்டுத்தான் செல்லவேண்டும். வேறு சிலர், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பழகியவர்கள் அதை நம் காதுக்கு எட்டாத விரைவில் ஓடவிட்டுக் கேட்பார்கள். ஆனால் ஓர் அட்டவணை வந்துவிட்டால் கட்டம் கட்டமாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் நினைவில் நிறுத்தவேண்டும். ஒரு சமன்பாடு வந்துவிட்டால், எது பின்னக் கோட்டுக்கு மேலே, எது கீழே என்று திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும்.

இனி, கண் நன்றாகத் தெரிந்தும் எழுத்துகள் விரைவில் சொல்லாகக் கூடிவராத மாணவர்கள் இருக்கிறார்கள். இதனை டிஸ்லெக்சியா என்பர். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுதுவதில் மட்டும் தடை உண்டாகும் நிலை டிஸ்கிராஃபியா எனப்படும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குவோரும் உளர். இவர்களுக்கெல்லாம் விடை தெரியும்; விடைக்கும் தாளுக்கும் இடையே உள்ள வழிதான் நீளமானது.

அந்த வழியின் நீளத்தை ஒரு சிறு கணக்கால் அளந்து பார்ப்போம். இருபது வினாக்கள் கொண்ட ஒரு சிறுதேர்வு. காலம் 30 நிமிடம். வினாவும் நான்கு விடைகளுமாகச் சேர்ந்து ஒவ்வொன்றும் 80 சொல் என்று கொள்வோம். மொத்தம் 1,600 சொற்கள். நிமிடத்திற்கு 200 சொல் படிக்கும் மாணவர் 8 நிமிடத்தில் அத்தனையும் படித்துவிடுவார். சிந்திக்க அவருக்கு 22 நிமிடம் மிச்சம். நிமிடத்திற்கு 80 சொல் படிக்கும் மாணவர்க்குப் படிக்கவே 20 நிமிடம் சென்றுவிடும். சிந்திக்க எஞ்சுவது 10 நிமிடம். இருவருக்கும் ஒரே 30 நிமிடம் கொடுத்தோம் என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் சிந்திப்பதற்கு ஒருவருக்கு 22 நிமிடமும் மற்றவருக்கு 10 நிமிடமும் கொடுத்திருக்கிறோம்! இரண்டாமவருக்கு மேலும் 10 நிமிடம் தந்தால் என்ன ஆகும்? சிந்திக்கும் நேரம் 20 நிமிடம் ஆகும். அப்பொழுதும் முதலாமவரை அவர் விஞ்சவில்லை; அருகில் வந்து நிற்கிறார், அவ்வளவே.

நான் எடுத்துக்கொண்ட அந்த 10 நிமிடம் மனம்போனபடி சொன்னதன்று. 2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தேர்வு நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதலாகத் தரவேண்டும் என்று கூறப்பட்டது. அரை மணிக்கு அது 10 நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. அந்த நெறிகளில் ஒரு சொல்லாராய்ச்சியும் உண்டு. 'கூடுதல் நேரம்' என்ற பெயரை விடுத்து, 'ஈட்டு நேரம்' என்ற பொருள்படும் சொல்லை வழங்கவேண்டும் என்று அவை கூறின. கூடுதல் என்றால் மற்றவர்க்கு இல்லாத ஒன்றை மேலாகக் கொடுத்தது போல் தோன்றும். ஈடு என்றால், போனதைத் திருப்பித் தருவது. முன் சொன்ன கணக்கைப் பார்த்தவர்களுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதனை ஆதரிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றது; 2007இல் இந்தியா அதனை உறுதி செய்தது. அதனையொட்டி 2016இல் இயற்றப்பட்ட சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கிற் கொண்டது. புதிய சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறியது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் அப்பட்டியலில் இடம்பெற்றன. அதன் பதினேழாம் பிரிவு, தேர்வுக்குக் கூடுதல் காலம் தருவதையும், சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ள விடுவதையும் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்யவேண்டியவை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆனால் ஏட்டில் எழுதியது தேர்வறையின் வாயில் வரை வந்து சேரவேண்டும் அல்லவா? 2021 செப்டம்பர் 12ஆம் நாள் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வு நடந்தது. டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு ஒரு மணி ஈட்டு நேரம் உரியது. மூன்று மணி முடிந்தவுடன் மற்றவரோடு சேர்த்து அவர் தாளும் வாங்கப்பட்டுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நவம்பர் 23ஆம் நாள் வந்த தீர்ப்பு, அந்த மாணவிக்கு நேர்ந்தது அநீதி என்று கூறியது. ஆயினும் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை. அநீதியைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று தேர்வு முகமை ஒரு வாரத்திற்குள் ஆராயவேண்டும் என்றும், தேர்வு மையங்களில் பணிபுரிவோர்க்கு இவ்விதிகளில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. பறிபோன ஒரு மணியை எந்த நீதிமன்றமும் அப்படியே திருப்பித் தந்துவிட முடியாது என்பதை இதிலிருந்து நாம் உணரவேண்டும். தேர்வு தொடங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய காரியம் இது.

இனி, இணையவழிச் சிறுதேர்வுக்கு வருவோம். தேர்வறையில் ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். தாளைப் பிடுங்கவும் அவரால் முடியும். 'இவருக்கு நேரம் உண்டு' என்று எடுத்துக் காட்டினால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியும். கணினிக்கு அந்த இரண்டாவது குணம் இல்லை. அதற்கு எந்த எண்ணைச் சொல்லிவைத்தோமோ, அந்த எண்ணில் அது கதவைச் சாத்திவிடும்.

மூடுல் என்றொரு பாட மேலாண்மை மென்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் உருவாக்கி 2002இல் முதன்முதல் வெளியிட்டது. விலையின்றிக் கிடைப்பதால் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவும் அதனைப் பயன்படுத்துகின்றன. கேன்வாஸ் என்ற வேறொன்றும் உண்டு. இவற்றில் ஒரு தேர்வுக்கு ஒரு கடிகாரமன்று, இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கால அளவு: தேர்வைத் திறந்த கணத்திலிருந்து இத்தனை நிமிடம். மற்றொன்று மூடும் நேரம்: இன்ன நாள், இன்ன மணிக்குத் தேர்வு எல்லாருக்கும் முடிகிறது. இவ்விரண்டில் எது முந்துகிறதோ அதுவே வெல்லும்.

ஓர் ஆசிரியர் காலை 10 மணிக்குத் திறந்து 10.30க்கு மூடும்படி ஒரு தேர்வை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால அளவு 30 நிமிடம். ஒரு மாணவிக்கு மட்டும் அதனை 40 நிமிடம் என்று மாற்றுகிறார். நன்மை செய்துவிட்டோம் என்று அமைதியாக இருக்கிறார். மாணவியும் 10.40 வரை நேரம் உண்டு என்று நம்பிப் பதினாறாம் வினாவில் இருக்கிறாள். 10.30க்குத் தேர்வு மூடிக்கொள்கிறது! கால அளவை நீட்டியவர் மூடும் நேரத்தை நீட்டவில்லை. அவள் தவறும் இல்லை. ஆசிரியரிடம் கருணைக் குறைவும் இல்லை. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றி, அடுத்த கட்டத்தை மாற்றாமல் விட்டதன் விளைவு. அந்த மாணவிக்கோ நான்கு வினாக்களின் மதிப்பெண் போயிற்று; அதைவிட, அடுத்த தேர்வில் கடிகாரத்தை நம்பும் மனமும் போயிற்று.

இதற்கு வழி என்ன? இம்மென்பொருள்களில் ஒரு மாணவருக்கு மட்டும் விதிவிலக்கு அமைக்கும் வசதி இருக்கிறது. அதில் கால அளவு, மூடும் நேரம் ஆகிய இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். மூடுலில் ஒரு குழுவுக்கே இவ்வாறு அமைக்கலாம். ஒவ்வொரு புதிய தேர்வுக்கும் இதனை மறவாமல் செய்யவேண்டும். மறந்தால் அந்த மாணவர் ஒவ்வொரு வாரமும் ஆசிரியரின் வாயிலில் வந்து நின்று நினைவூட்டவேண்டி வரும். உரிமை ஒன்றை வாரந்தோறும் கேட்டுப் பெறவேண்டும் என்றால், அது உரிமையாகுமா, யாசகமாகுமா? மேலும், முதலில் முடித்தவருக்கு உடனே சரியான விடைகளைக் காட்டிவிடுவதும் தகாது. எல்லாரும் முடித்தபின் காட்டுவதே முறை. இல்லையேல், நேரம் மிகுதியாகப் பெற்றவர்மேல் வீண் ஐயம் எழும்.

இணையப் பக்கங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்று 2008இல் வெளிவந்த உலக நெறிமுறை ஒன்று, கால எல்லை வைக்கும் பக்கங்களில் பயனர் அதனை நீக்கிவிடவோ குறைந்தது பத்து மடங்கு வரை நீட்டிக்கொள்ளவோ வழி இருக்கவேண்டும் என்கிறது. நீட்டினால் செயலின் பொருளே கெடும் என்ற இடங்களுக்கு விலக்கு உண்டு. இங்கேதான் ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்: என் தேர்வில் வேகம் உயிரானதா, வெறும் வழக்கமா?

வேகத்தை ஏன் வைக்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது. 2020இல் கொள்ளைநோய் பரவி வகுப்பறைகள் மூடப்பட்டபோது, மாணவர்கள் வீட்டிலிருந்தே தேர்வு எழுதினார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடக்கூடாதே என்று நேரத்தைக் குறுக்கும் பழக்கம் அப்போது வலுத்தது. புரட்டிப் பார்க்க நேரமில்லாதபடி செய்தால், படித்துப் பார்க்கவே நேரமில்லாதவர் நிலை என்ன? திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிட்டது. புத்தகத்தில் நேரே கிடைக்காத வினாக்களைக் கேட்பதும், காரணம் கூறச் சொல்வதும் இதைவிட நல்ல காவல்.

இவ்விடத்தில் உங்களுள் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். 'நேரம் கொடுத்தால் எனக்குந்தானே மதிப்பெண் கூடும்? அவருக்கு மட்டும் கொடுப்பது எப்படி நியாயம்?' என்று. நேர்மையான கேள்வி, மழுப்பாமல் விடை சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஸ்டீஃபன் சிரேசி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நேரத்தை நீட்டியபோது எல்லா மாணவர்க்குமே மதிப்பெண் கூடும் போக்கு இருந்தது. ஆனால் குறைபாடு உள்ளோர்க்குக் கூடியது அதனினும் மிகுதி என்பது அவர்கள் கண்டது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஈட்டு நேரம் பெரிதும் பயன்படுவது அது தேவைப்படுவோர்க்கே என்பது ஒன்று. மற்றவர்க்கும் நேரம் போதாத தேர்வுகள் பல இருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு மருந்து, எல்லாருக்கும் போதிய காலம் தந்து தேர்வை அமைப்பது. தேவையுள்ளவருக்கு மறுப்பது அதற்கு மருந்தாகாது.

வேறொரு ஐயமும் உண்டு: 'பொய்ச் சான்றிதழ் காட்டி நேரம் வாங்குவோர் இல்லையா?' இருக்கிறார்கள். 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை ஊழலில், செல்வர் சிலர் தம் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்று, நீண்ட நேரத்தையும் தனி மையத்தையும் வாங்கி, அதனை மோசடிக்குப் பயன்படுத்தியது வழக்காயிற்று. பெற்றோர் பலர் சிறை சென்றனர். அதுவே தக்க விடை. பொய்யரைத் தண்டிக்கவேண்டும். அவர்கள் பெயரைச் சொல்லி மெய்யரைத் தண்டிக்கலாகாது.

நம் வீட்டுப் பந்தியை எண்ணிப் பாருங்கள். இலையில் எல்லாருக்கும் ஒரே வகைப் பரிமாற்றம். பல் விழுந்த பெரியவர் ஒருவர் மெதுவாக உண்கிறார். உண்டு முடித்த இளைஞர்கள் எழாமல் காத்திருக்கிறார்கள். யாரும் அவர் இலையில் ஒரு வடை மிகுதியாக வைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது நேரம் மட்டுமே. அதைப் பார்த்து, 'அவருக்குச் சலுகை' என்று எவரேனும் முணுமுணுப்பதுண்டா? தேர்விலும் வினா ஒன்றே, விடை ஒன்றே, மதிப்பெண் ஒன்றே. உண்ணும் நேரந்தான் வேறு.

பெற்ற நேரத்தைப் பறைசாற்றாமல் இருப்பதும் நீதியின் ஒரு பகுதி. அமெரிக்காவில் நீண்ட காலம், ஈட்டு நேரம் பெற்றுத் தேர்வெழுதியவரின் மதிப்பெண் பட்டியலில், வழக்கமான முறையில் நடவாத தேர்வு என்று ஒரு குறிப்பிட்டு அனுப்பினார்கள். கைகள் இல்லாத ஒருவர் ஜிமேட் என்னும் மேலாண்மை நுழைவுத் தேர்வை எழுதியபின் அந்தக் குறியை எதிர்த்து வழக்கிட்டார். 2001இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அத்தேர்விலும் வேறு சில தேர்வுகளிலும் குறியிடும் வழக்கம் கைவிடப்பட்டது. கல்லூரியில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்விலும் 2003இல் அது நீங்கிற்று. நம் வகுப்புகளிலும் இது நினைவிருக்கட்டும். 'யாருக்கெல்லாம் கூடுதல் நேரம்?' என்று வகுப்பின் நடுவே கேட்டுக் கை தூக்கச் சொல்வதும் ஒருவகைக் குறியிடுதலே.

முடிவாக, உங்களுக்கு மூன்று சொல். ஈட்டு நேரம் உரிய மாணவர்களே, பருவத்தின் தொடக்கத்திலேயே சான்றிதழைக் கொடுத்துக் கேளுங்கள். மதிப்பெண் இல்லாத ஒரு மாதிரித் தேர்வை முன்னதாக எழுதிக் கடிகாரம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா. கண்ணாடி அணிபவர் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. உடன் பயிலும் மாணவர்களே, உங்கள் நண்பருக்கு ஏன் நேரம் கிடைத்தது என்று துருவாதீர்கள். அது அவராகச் சொன்னால் கேட்கவேண்டிய செய்தி. மூன்றாவது சொல், நாளை கணினித் துறைக்குச் செல்லப்போகும் உங்களுக்கு. இன்றைய மென்பொருளில் ஒரு மாணவரின் ஈட்டு நேரத்தை ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியே ஆசிரியர் எழுதவேண்டியிருக்கும் இடங்கள் பல. ஒருமுறை எழுதினால் எல்லாத் தேர்வுக்கும் தானே செல்லும்படியும், கால அளவு நீண்டால் மூடும் நேரமும் உடன் நீளும்படியும் அமைப்பது பெரிய வித்தையன்று. அதனை எழுதப்போகும் கைகள் இன்று பள்ளிக்கூடங்களில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கடிகாரத்தை எழுதும்போது, மெதுவாகப் படிக்கும் ஒரு மாணவரையும் மனத்தில் வைத்து எழுதுவார்களாக!